இளவேனிலின் இறுதிப் பூக்கள்: புதுவையின் பருவக் கணக்கும் காத்திருப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இளவேனில் கழிந்து முதுவேனில் வருவதற்கு முன்னுள்ள சில வாரங்களைப் புதுச்சேரி நகரம் எவ்வாறு அறிந்திருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கியப் பூக்கள், பஞ்சாங்க மாதங்கள், பிரெஞ்சு ஆட்சிக்காலக் கப்பல் போக்குவரத்து, கடல்கடந்து வந்த மரங்கள் ஆகியவை இதன் சான்றுகள். கொன்றை எப்பருவத்துப் பூ என்னும் பழைய ஐயம் இதில் தனியே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இளவேனில், புதுவை, கொன்றை, இளவேனிற்பத்து, தாவரவியல் பூங்கா, குயில்

எந்த வேனில்?

சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது உரையாசிரியர் வழிவந்த பகுப்பு. பள்ளிச் சிறுவரும் மனப்பாடமாகச் சொல்லும் இப்பகுப்பைப் புதுவைக் கடற்கரையில் நின்று நோக்கினால் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. ஆண்டின் கடும்வெயில் நாள்களான அக்கினி நட்சத்திரம் சித்திரை 21 தொடங்கி வைகாசி 14 வரை, அதாவது ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை நீள்கிறது. அது முழுவதும் இளவேனிலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆனி பிறந்தபின் மேல்காற்று வீசத் தொடங்கி, மாலைகளில் இடியுடன் சிறுமழையும் பெய்து, வெப்பம் சற்றே தணிகிறது. பெயரளவில் இளையதாகிய வேனில் முதிர்ந்ததை விடக் கொடியதாக இருப்பது எங்ஙனம்?

விடை வானியலில் உள்ளது. நம் மாதங்கள் விண்மீன்களைச் சார்ந்த கணக்கின்படி அமைந்தவை. வெயிலும் பூவும் சம இரவுபகல் நாளைச் சார்ந்தவை. இவ்விரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகல் நேர்கிறது. கிறித்துவுக்குப் பிந்தைய முதல் ஆயிரமாண்டின் முற்பகுதியில் மேடத்தில் ஞாயிறு புகும் நாள் சம இரவுபகலை ஒட்டியே இருந்தது. இன்று அது மார்ச் 21ஐ விட்டு ஏப்ரல் 14க்கு நகர்ந்துவிட்டது. எனவே பழைய சித்திரை, வைகாசி என்பவை இன்றைய கணக்கில் மார்ச் பிற்பகுதி முதல் மே 20 அளவு வரையிலான காலம். அந்த அளவுகோலை வைத்தால் வேம்பும் புங்கும் பூப்பது இளவேனிலின் நடுவாகவும், மே இறுதியின் வெப்பம் முதுவேனிலின் வாயிலாகவும் அமைந்துவிடுகின்றன. உரையாசிரியர்கள் பிழைபடவில்லை. பூக்கள் தம் இடத்தில் நிற்க, மாதப் பெயர்கள் 24 நாள் தள்ளிப் போயிருக்கின்றன. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு இடும் வேப்பம்பூ பங்குனியிலேயே உதிரத் தொடங்கி, முறத்தில் காய்ந்து காத்திருப்பதை இல்லத்துப் பெண்கள் எக்கணக்கும் பாராமலே அறிவர்.

'வசந்தம்' என்னும் சொல்லை ஐரோப்பிய மொழிகளின் பருவப் பெயருக்கு நிகராக ஆளும் இன்றைய வழக்கு இவ்விடத்தில் மயக்கம் தருவது. குளிர்நாட்டார் உறைபனி நீங்கி வெயிலை விரும்பிக் காத்திருக்கின்றனர். இங்கோ வேனிற்பூவைக் காண்பவர், இது கழிந்தால் என்ன வரும் என்பதை அறிந்தே காண்கிறார். ஓர் ஒற்றுமையும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793ஆம் ஆண்டு அக்டோபரில் வகுத்த புதிய நாட்காட்டியில் பூக்களின் பெயரால் அமைந்த 'ஃப்ளோரெயால்' மாதம் ஏப்ரல் 20ஐ ஒட்டித் தொடங்கி மே 19ஐ ஒட்டி முடிவது. இது நம் சித்திரைக்குச் சில நாளே பிந்தியது. ஆயினும் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றிவிட்டதால் அப்பூமாதத்துக்கு இவ்வூரில் ஆட்சி செய்யும் பேறு கிட்டவில்லை.

இளவேனிற்பத்தும் கொன்றையும்

ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியை ஓதலாந்தையார் பாடினார். அதில் 341 முதல் 350 வரையுள்ள பாடல்கள் இளவேனிற்பத்து எனப் பெயர் பெற்றவை. திரும்பி வருவேன் என்று சொன்ன தலைவன் வரவில்லை, பருவமோ தவறாமல் வந்துவிட்டது என்று தலைவி ஒவ்வொரு பாட்டிலும் வருந்துகிறாள். குயிலில் தொடங்கி, நுணா, கோங்கு, குரா, அதிரல், பாதிரி, புங்கு, மரா, மா என்று வரிசை செல்ல, வேம்பில் பத்து முடிகிறது. இதனை ஒரு பருவ ஆவணமாகவே கொள்ளலாம். மாமரத்தைச் சொல்லுமிடத்தில் பூவைச் சொல்லாமல் தளிரைச் சொல்வது குறிப்பிடத்தக்கது. சோழமண்டலக் கடற்கரைப் பகுதியில் மா பூப்பது பனிக்காலத்தில். வேனிலில் அது காயும் கனியுமாக நிற்க, சில கிளைகளில் செந்தளிர் விடும். வடமொழி மரபின் மாம்பூ வசந்தத்தை அப்படியே எடுத்தாளாமல், தம் நிலத்தில் கண்டதைப் பாடியவர் இப்புலவர் என்றே கருதத் தோன்றுகிறது.

குறுந்தொகை 24ஆம் பாடலில் பரணர் காட்டும் தலைவியும் வேம்பின் முன்னேயே நிற்கிறாள். கரிய அடிமரத்து வேம்பின் புதுப்பூ, தன் தலைவன் உடனில்லாமலே வீணாகக் கழிந்துவிடுமோ என்பது அவள் கவலை. அவள் அஞ்சுவது வெயிலுக்கு அன்று. பூ உதிர்ந்துவிட்டால் அவன் குறித்துச் சென்ற பருவமும் போய்விடும். 'இருந்தும் நுகர முடியாத பூ' என்னும் இக்கருத்து வேனிற்பாடல்கள் பலவற்றின் அடிநாதம். ஆயினும் இப்பாடலுக்குத் திணை முல்லை என வகுத்திருப்பது, கார்ப்பருவம் ஒன்றே முல்லைக்கு உரியது என்று கொள்வாரைச் சற்றே தயங்கச் செய்யும்.

இளவேனிற்பத்தில் கொன்றை இல்லை. இன்றைய புதுவையில் சித்திரை, வைகாசி மாதங்களின் பெரும்பூ சரக்கொன்றையே. இலைகள் உதிர்ந்த கிளைகளில் மஞ்சள் சரங்கள் தொங்குவதைக் கண்டே பலர் வேனில் வந்ததை உணர்கின்றனர். சங்கப் பாடல்களிலோ கொன்றை காரின் பூ. ஓதலாந்தையார் பெயரிலேயே உள்ள குறுந்தொகை 21ஆம் பாடலில், கொன்றை பூத்த காடு இது கார்காலம் என்று அறிவித்தாலும் தலைவி நம்ப மறுக்கிறாள். அவர் பொய் சொல்லமாட்டார், ஆதலால் காடுதான் பொய் சொல்கிறது என்பது அவள் துணிபு.

இம்முரண்பாட்டுக்குச் சங்கக் கொன்றை வேறொரு மரம் என்று விடை கூறலாம். அது எளிய வழி, ஆனால் தேவையற்றது. குறுந்தொகை 66ஆம் பாடலில் தோழி, காலமல்லாக் காலத்து மழையைக் காரென மயங்கிப் பூத்த கொன்றைகளை அறிவற்றவை என்று பழிக்கிறாள். கொன்றை காருக்கு முன்பே பூத்துவிடும் இயல்புடையது என்று கேட்போர் அறிந்திருந்தால்தான் இத்தேற்றம் செல்லும். கார்தவிர வேறு காலத்தில் பூத்தே அறியாத மரத்தைக் காட்டித் தோழி இவ்வாறு சொல்லியிருந்தால் தலைவி அவளை நம்பியிருக்கமாட்டாள். கோடையின் உச்சியில் அரும்பி முதல் மழை வரை நீளும் கொன்றையின் பூக்காலத்தில், தென்மேற்குப் பருவமழை பெறும் உள்நாட்டு முல்லைநிலத்தார் அதன் பிற்பகுதியை மழையோடு சேர்த்துக் கண்டனர். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் புதுவைக் கடற்கரையார் அதன் முற்பகுதியை வெயிலோடு சேர்த்துக் காண்கின்றனர். மரம் ஒன்றுதான். அதைப் பார்க்கும் நிலம் வேறு.

பாதிரிக்கு இத்தகைய சிக்கல் இல்லை. புதுவைக்கு ஏறத்தாழ 20 கி.மீ. தெற்கே அது ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலின் தலமரம் பாதிரி. மரத்தைப் பாராதவரும் தொடர்வண்டி நிலையத்தில் அதன் பெயரைப் படித்துச் செல்கின்றனர்.

கப்பலுக்காகக் காத்திருத்தல்

ஆனந்தரங்கப்பிள்ளை 1736இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் தமிழ் ஆண்டு, மாதம், நாள், கிழமை ஆகியவை ஐரோப்பியத் தேதியோடு அருகருகே நிற்கின்றன. துபாஷியாகிய அவருக்கு வேனில் என்பது பூவைக் குறித்ததன்று. ஐரோப்பாவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கப்பல்கள் தென்மேற்குக் காற்றைப் பற்றிக்கொண்டு ஆனி முதல் ஆவணி, புரட்டாசி வரையிலான மாதங்களில் இக்கரையை அடைவது வழக்கம். ஐப்பசிக்குப் பின் புயலுக்கு அஞ்சி எவரும் இக்கடலில் நங்கூரமிட்டுக் கிடக்கத் துணியார். ஆகவே நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்து வாங்கிய துணிகள் வெளுத்து, மடித்து, கட்டி முடிய வேண்டிய காலம் கடும்வெயிற் காலமே. வெளுப்போர்க்கு அவ்வெயில் ஒருவகையில் உதவியும் ஆயிற்று. சித்திரை, வைகாசி என்பவை வணிகர்க்குக் கிடங்கு நிறைந்து கைப்பணம் வற்றிய மாதங்கள். மாஹே தெ லா பூர்தொனே மொரீசியசிலிருந்து கப்பற்படையோடு புதுவை வந்து சேர்ந்ததும் 1746ஆம் ஆண்டு ஜூலையிலேயே. சங்கத் தலைவி தேரொலிக்குக் காத்திருந்த அதே வேனிலில் இவ்வூரார் பாய்மரத்துக்குக் காத்திருந்தனர்.

வந்தேறிய பூக்கள்

கப்பல்களில் துணி மட்டும் செல்லவில்லை. விதைகளும் நாற்றுகளும் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கு இடையே தொடர்ந்து சென்று வந்தன. புதுவைத் தாவரவியல் பூங்கா 1826இல் அமைந்தது. பயிர்களைப் புதிய மண்ணுக்குப் பழக்கும் இடமாகவே அது கருதப்பட்டது. அதனோடு நெடுங்காலம் தொடர்புடைய ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே சுவிட்சர்லாந்தில் பிறந்து, கயேன், செனகல் முதலிய இடங்களில் உழைத்து, நீலகிரித் தாவரங்களை ஆராய்ந்து, 1870இல் புதுவையிலேயே மறைந்தவர். அப்பூங்காவின் தாவரப் பட்டியலை 1867இல் வெளியிட்டவரும் அவரே.

இன்று மே மாதத்தில் புதுவைத் தெருக்களைச் சிவப்பாக்கும் செம்மயிற்கொன்றை மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டது. மொரீசியசில் வாழ்ந்த வென்செஸ்லாஸ் போயர் அதனைக் கண்டு வழங்கிய பெயர் 1829இல் அச்சேறியது. பிரெஞ்சுக்காரர் அதனை 'எரிவது' என்னும் பொருளில் 'ஃப்ளம்புவாயான்' என்றனர். நம் மக்கள் மலரின் நிறத்தை விட்டு மாதத்தைப் பிடித்துக்கொண்டு 'மே ஃப்ளவர்' என்றனர். ஒரு பூவைப் பருவத்தின் பெயரால் அழைக்கும் இவ்வழக்கு, இளவேனிற்பத்தின் தலைவிக்கு வியப்பளித்திராது.

நாகலிங்கத்தின் வரலாறு இன்னும் சுவையானது. பிரெஞ்சுக் கயானாவின் தாவரங்களை ஆராய்ந்த ஒப்லே 1775இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தார். பீரங்கிக் குண்டு போன்ற அதன் காய் ஐரோப்பியர் கண்ணில் பட்டது. தமிழர் கண்ணிலோ பூவினுள் படமெடுத்த நாகமும் அதன் கீழ் இலிங்கமும் தெரிந்தன. சிவன் கோயில்களில் இடம்பெற்ற அம்மரத்தின் பூவே இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மலர். அதன் மரம் வில்வம், பறவை குயில். தென்னமெரிக்கக் காட்டுப் பூவும் சிவனுக்குரிய வில்வமும் ஒரே பட்டியலில் அமைந்ததைக் கண்டு புதுவையில் எவரும் முகம் சுளிக்கவில்லை. சுளிக்கக் காரணமும் இல்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது நகரின் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று 'பெஞ்சல்' புயலும் புதுவையை ஒட்டியே கரையேறியது. செம்மயிற்கொன்றையும் இயல்வாகையும் விரைந்து வளர்ந்து நிறையப் பூப்பவை. ஆழமற்ற வேரும் எளிதில் முறியும் கிளையும் உடையவை. நகருக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைக்காடு இதற்கு மாறானது. குட்டையான, தடித்த இலையுடைய அம்மரங்கள் கடற்காற்றுக்குப் பழகியவை. அவற்றின் பூக்களும் மழையற்ற மாதங்களிலேயே மிகுதி. வெண்மையும் வெளிர்பச்சையுமாய்ச் சிறுத்து மணக்கும் அப்பூக்கள் தெருவில் செல்வோரை நிறுத்திப் பார்க்க வைப்பவை அல்ல. இவ்வூரின் பழைய வேனில் கண்ணுக்கு வருவதற்கு முன் மூக்குக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த மணத்தை நகருக்குள் இன்றும் சுமந்து வருவது மல்லிகை. வெயில் ஏற ஏற அதன் விளைச்சல் பெருகி விலை இறங்கும். பனிக்காலத்தில் எண்ணி வாங்கப்படும் பூ, சித்திரையில் பெரிய கடைத்தெருவில் குவியலாகக் கிடக்கும்.

குயிலும் தேரும்

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். முத்தியால்பேட்டைப் பக்கத்து மாந்தோப்பு அவருடைய குயில் பாட்டுக்குக் களமாயிற்று. அது பின்னர் குயில்தோப்பு என்றே பெயர் பெற்றது. பாரதிதாசன் தம் இதழுக்கும் குயில் என்றே பெயரிட்டார். அவர் பிறந்ததும் மறைந்ததும் ஏப்ரலில், சித்திரைக் குயிலின் மாதத்தில் என்பது தற்செயலே. அவருடைய அழகின் சிரிப்பில் தென்றலுக்கும் தனிப்பகுதி உண்டு. இவ்வூரில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று ஏறாத நாள்களை அறிந்தவர் அப்பகுதியைக் கூடுதல் நன்றியோடு படிப்பர்.

குயிலின் பெயரை இவர்களுக்குப் பன்னெடுங்காலம் முன்பே தாங்கி நிற்பது வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில். அம்மை கோகிலாம்பிகை. கோகிலம் என்பது குயில். வைகாசிப் பெருவிழாவில் இக்கோயில் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் பிடித்து இழுத்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிய பின்னும் அவ்வழக்கம் நிற்கவில்லை. துணைநிலை ஆளுநர் இன்றும் வடம் பிடிக்கிறார். அதற்குள் வேம்பு காய் பிடித்துவிடும், கொன்றையில் கடைசிச் சரங்கள் தொங்கும், சாலையில் செம்மயிற்கொன்றை இதழ்கள் மிதிபட்டுக் கிடக்கும். ஓரிரு வாரத்தில் ஆனி பிறக்கும்.