யானைப் பாதையும் மனிதர் பாதையும்

காதல் மனித குலம் முழுவதற்கும் பொதுவான உணர்ச்சி. ஆயினும் யாருடைய காதல் கதையாகின்றது, யாருடைய காதல் கதையின் ஓரத்திலும் இடம்பெறாது போகின்றது என்பதை வரலாறே தீர்மானிக்கின்றது. நமது மலைநாட்டைக் களமாகக் கொண்ட ஒரு திரைப்படத்தின் துணைகொண்டு இதனை ஆராய்வோம்.

1954ஆம் ஆண்டு ஹொலிவூட்டின் பாரமவுண்ட் நிறுவனம் 'எலிபண்ட் வோக்' என்னும் படத்தை வெளியிட்டது. 'யானைப் பாதை' என்பது அதன் பொருள். ரொபர்ட் ஸ்டாண்டிஷ் எழுதிய நாவலே அதன் மூலம். இங்கிலாந்தில் மணம் முடித்த இளம்பெண்ணொருத்தி, கணவனான தேயிலைத் துரையுடன் இலங்கை வருகின்றாள். யானைகள் தொன்றுதொட்டு நீர்தேடிச் சென்ற பாதையை மறித்துக் கணவனின் தந்தை கட்டிய பெரிய பங்களாவே அவளுக்கு இல்லமாகின்றது. கணவனோ நண்பருடன் குடியிலும் களியாட்டத்திலும் பொழுதைக் கழிக்கின்றான். தனிமையில் வாடும் அவளைத் தோட்ட நிருவாகி ஒருவன் நேசிக்கின்றான். அவனுடன் புறப்பட அவள் எண்ணும் வேளையில் வாந்திபேதி பரவுகின்றது. யானைகள் மதிலை உடைத்து நுழைகின்றன. பங்களா தீயில் அழிகின்றது. கணவனும் மனைவியும் மீண்டும் இணைகின்றனர். எலிசபெத் டெயிலர், பீற்றர் பின்ச், டானா அன்றூஸ் ஆகிய மூவரே அம்முக்கோணத்தின் முனைகள்.

ஹல்துமுல்லையில் நம்மிடம் பயிலும் மேல்வகுப்பு மாணவர்க்கு இப்படத்தை ஒருமுறை காட்டினோம். படம் முடிந்ததும் கொழுந்தெடுக்கும் தாயின் மகளான மாணவியொருத்தி எழுந்து, "சேர், கூடை சுமந்து போறவங்க யாரும் இதுல பேசவே இல்லையே?" என்றாள். நெடுங்கட்டுரையொன்று சொல்ல வேண்டியதை அச்சிறுமி ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டாள்.

அவள் வினாவின் கூர்மையை உணர்த்தும் செய்தியொன்று உண்டு. 1953இல் இலங்கையில் இப்படம் பிடிக்கப்பட்டபோது நாயகியாக நடித்தவர் விவியன் லீ. மனநோயுற்று அவர் விலகவே, டெயிலர் அவ்விடத்துக்கு வந்தார். எனினும் தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட சில காட்சிகளில் லீயின் உருவம் நீக்கப்படாமலே நின்றுவிட்டது. சினிமா ஆர்வலர் இன்றும் அவ்வுருவத்தைத் தேடிக் கண்டு மகிழ்கின்றனர். புள்ளியளவாகத் தெரியும் நடிகைக்கும் பெயருண்டு. அருகே நிற்கும் தொழிலாளிக்குப் பெயரில்லை. பங்களாவின் முதிய பணியாளான அப்புஹாமி முதலிய மிகச் சிலரே பேசும் மாந்தர். ஏனையோர் மலையும் மழையும் போலப் பின்புலமாயினர்.

இனி, பாதையென்னும் பொருளை நோக்குவோம். கதையில் யானைகள் தம் வழியை மீட்டுக்கொள்கின்றன. ஊவாவின் வரலாறு அவ்வாறு அமையவில்லை. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் றோஜர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கூறுவர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். காடு அழிந்து கோப்பி வந்தது. கோப்பியை நோய் அழிக்கத் தேயிலை வந்தது. 1890இல் லிப்டன் வந்து தம்பேதன்னையை வாங்கினார். இவையனைத்துக்கும் தோள் கொடுத்தோர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த அவர்களுள் வாந்திபேதிக்கு இரையானோர் பலர். தம்பதியரை ஒன்றுசேர்க்கும் உத்தியாகப் படத்தில் வரும் அந்நோய், நம் வரலாற்றில் வழிநெடுகப் புதைகுழி தோண்டியது.

ஆண்டுகளின் பொருத்தமும் கருதத்தக்கது. அந்நாவல் வெளிவந்தது 1948இல். தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர், பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையாவும், தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவ்வெழுவருள் அடங்குவர். வாக்குரிமை பறிக்கப்பட்டபின் நடந்த 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியினர் ஒருவரும் செல்ல இயலவில்லை. அவ்வாண்டு கொழும்பில் நெடுநாள் சத்தியாக்கிரகம் நடந்தது. அடுத்த ஆண்டில் படப்பிடிப்புக் குழுவினர் வந்திறங்கினர். தேயிலைச் சரிவின் அழகு கமெராவிற் பதிந்தது. அச்சரிவில் நின்றோர் உரிமையிழந்து நின்றமை பதியவில்லை.

அயல்நாடு என்பது யாருக்கு? துரைசாணிக்கு இம்மலை அயல்நாடு. ஆயினும் பங்களாவின் சாவி அவள் கையிலிருந்தது. லயத்திற் பிறந்து லயத்தில் வளர்ந்தவளுக்கு இதுவே தாய்மண். சட்டமோ அவளை அந்நியள் என்றது.

படத்தின் முடிவில் துரையும் மனைவியும் எரிந்த பங்களாவை விட்டுப் புதுவாழ்வு நாடிச் செல்கின்றனர். அஃது அவர்கள் விரும்பி மேற்கொண்ட பயணம். 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வேறொரு பயணத்தை விதித்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. கோச்சியேறித் தலைமன்னார் சென்று கப்பலேறியோர், கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைச் செடிகளின் நடுவே நின்றனர். பெற்றோர் அக்கரையில், மணமான மகள் இக்கரையில். கடவுச்சீட்டு ஒருவன் கையில், பிரசாவுரிமை அவன் நேசித்தவள் கையில். இங்கும் காதலுக்கு மூன்றாம் முனையொன்று இருந்தது. அம்முனையில் நின்றது அரசு.

இக்கதைகளை எழுதுவாரே இல்லாது போகவில்லை. 1930களிலேயே புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில், நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்த மருதியைக் கதையின் நடுவில் நிறுத்தினார். 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' தோட்ட மக்களைத் திரையின் முன்னணிக்குக் கொணர்ந்தது. எனினும் கோச்சி நிலையத்துப் பிரிவுகளுள் எழுதப்பட்டவை சிலவே.

1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் என்னும் இழிவு நீங்கியது; காணியும் வீடும் என்னும் கோரிக்கை நீங்கவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலையில், நமது ஹல்துமுல்லைப் பிரதேசத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. யானைகள் இடித்த பங்களாவுக்காக உலகத்துத் திரையரங்குகள் ஏங்கின. மண்ணுள் மறைந்த லயங்களில் வாழ்ந்தோர்க்கும் காதலும் ஊடலும் கனவும் இருந்தன.

அம்மாணவியின் வினாவுக்கு நாம் விடைகூறவில்லை. பாட்டியிடமும் தாயிடமும் கேட்டு, பேசாதிருந்தவர்களின் கதையை எழுதிவருமாறு வகுப்பாரைப் பணித்தோம். கொப்பிகள் வந்துகொண்டிருக்கின்றன.