நியூ இங்கிலாந்துக் கரையின் செப்டம்பர் வானிலையும் 1938 சூறாவளியும்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன், நியூ ஹாம்ப்சயர், வெர்மான்ட், மாசச்சூசெட்ஸ், ரோட் தீவு, கனெக்டிகட் ஆகிய ஆறு மாநிலங்களும் சேர்ந்து நியூ இங்கிலாந்து எனப்படுகின்றன. வெர்மான்ட் தவிர மற்ற ஐந்தும் கடற்கரை உடையவை. இக்கரைக்கு இலையுதிர்காலத்தின் தொடக்கமான செப்டம்பர் இரண்டு முகம் கொண்ட மாதமாகும். நிலத்தின்மேல் கனடாவிலிருந்து குளிர்காற்று இறங்கத் தொடங்கும். கடலோ கோடை முழுவதும் வாங்கிய வெப்பத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கும். தெற்கே வெப்பமண்டல அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் உச்சத்தில் இருப்பதும் இம்மாதத்தில்தான். எனவே இந்த வாரங்களின் வானிலையை முன்கூட்டிச் சொல்வது எளிதான வேலையாக இருந்ததில்லை.

பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் 22, 23ஆம் நாள்களை ஒட்டி ஒரு புயல் வந்தே தீரும் என்று பழைய மாலுமிகளும் உழவர்களும் நம்பினர். சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் நேரம் என்பதால் அதற்குக் ‘கோட்டுப் புயல்’ என்று பெயர். அறிவியல் இதை ஏற்கவில்லை. ஆனால் இந்நம்பிக்கையால் ஒரு கேடு விளைந்தது. செப்டம்பரில் காற்று எவ்வளவு கடுமையாக வீசினாலும் அது வழக்கமானதுதான் என்று மக்கள் எண்ணப் பழகிவிட்டனர்.

புயலின் இயல்பைக் கற்பித்த கரை

புயல்கள் எவ்வாறு நகர்கின்றன என்பதை உலகம் கற்றுக்கொண்டதில் இக்கரைக்குப் பெரிய பங்குண்டு. 1743 அக்டோபரில் பென்ஜமின் பிராங்கிளின் பிலடெல்பியாவில் சந்திர கிரகணம் காணக் காத்திருந்தார். வடகிழக்கிலிருந்து வீசிய புயலும் மேகமும் அதை மறைத்துவிட்டன. காற்று வரும் திசையிலேயே பாஸ்டன் இருப்பதால் அங்கே புயல் முன்பே அடித்திருக்கும் என்று அவர் நினைத்தார். ஆனால் பாஸ்டனில் இருந்த அவருடைய அண்ணன் கிரகணத்தை நன்றாகப் பார்த்திருந்தார்; புயல் அதன் பிறகே அங்கு வந்தது. காற்று வீசும் திசை வேறு, புயல் நகரும் திசை வேறு என்பது இதனால் புலப்பட்டது.

1815 செப்டம்பர் 23 அன்று ஒரு பெருஞ்சூறாவளி ரோட் தீவின் பிராவிடென்ஸ் நகருக்குள் கடலைக் கொண்டுவந்தது. 1821 செப்டம்பர் 3 அன்று மற்றொன்று நியூயார்க்கையும் கனெக்டிகட்டையும் தாக்கியது. சேணம் தைக்கும் தொழில் செய்துவந்த வில்லியம் ரெட்ஃபீல்டு, சில வாரங்கள் கழித்துத் தம் மகனுடன் கனெக்டிகட்டிலிருந்து மாசச்சூசெட்ஸ் நோக்கிப் பயணம் செய்தார். தம் ஊர்ப்பக்கம் மரங்கள் வடமேற்கு நோக்கிச் சாய்ந்திருந்ததையும், மேற்கே செல்லச் செல்ல அவை நேரெதிராகத் தென்கிழக்கு நோக்கிக் கிடந்ததையும் கவனித்தார். ஒரே புயல் இரு பக்கமும் எதிரெதிராக வீசியிருக்க வேண்டுமானால் அது ஒரு மையத்தைச் சுற்றிச் சுழன்றிருக்க வேண்டும். இதை அவர் 1831இல் கட்டுரையாக வெளியிட்டார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே பெற்ற ஒருவரின் கண்டுபிடிப்பு இது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். வங்காள விரிகுடாப் புயல்களை ஆராய்ந்து ‘சைக்குளோன்’ என்ற சொல்லை உருவாக்கிய கல்கத்தாவின் ஹென்றி பிடிங்டன் பின்பற்றியதும் இச்சுழல் கருத்தையே ஆகும்.

பின்னர் தந்தி வந்தது. 1870இல் இராணுவத்தின் கீழ் நாடு தழுவிய வானிலைப் பணி தொடங்கி, 1891இல் வேளாண்மைத் துறையின் கீழ் வானிலைப் பணியகமாக மாறியது. துறைமுகங்களில் எச்சரிக்கைக் கொடிகள் ஏற்றப்பட்டன. ஆனால் 1821க்குப் பிறகு அத்தகைய பெருஞ்சூறாவளிகள் இக்கரையை அரிதாகவே தாக்கியதால், சூறாவளி என்பது ஃபுளோரிடாவின் கவலை என்றே மக்கள் கருதினர்.

1938 செப்டம்பர் 21

செப்டம்பர் 16 அன்று அலெக்ரெட்டே என்ற பிரேசில் சரக்குக் கப்பல் கடலில் ஒரு சூறாவளியைக் கண்டு தெரிவித்தது. ஃபுளோரிடாவுக்கு எச்சரிக்கை விடப்பட்டது. புயல் வடக்கே திரும்பியதும் அங்கே மக்கள் நிம்மதி அடைந்தனர். அதன்பின் அதைக் கண்காணிக்கும் பொறுப்பு வாஷிங்டன் அலுவலகத்திற்குச் சென்றது. அக்காலத்தில் செயற்கைக்கோளோ வானிலை ரேடாரோ இல்லை. கடலில் இருக்கும் புயலைப் பற்றிக் கப்பல்கள் சொன்னால்தான் தெரியும். எச்சரிக்கை கேட்ட கப்பல்கள் விலகிச் சென்றுவிட்டதால், புயல் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

வாஷிங்டனில் சார்லஸ் பியர்ஸ் என்ற இளநிலை முன்னறிவிப்பாளர் வரைபடத்தைப் பார்த்து ஐயம் கொண்டார். அட்லாண்டிக்கில் ஒரு உயரழுத்தப் பகுதி வழக்கத்தைவிட வடக்கே நின்றது. நிலத்தின்மேல் இன்னொன்று இருந்தது. இரண்டுக்கும் இடையே ஈரக்காற்று நிறைந்த ஒரு வாய்க்கால் நேராக நியூ இங்கிலாந்தை நோக்கித் திறந்திருந்தது. புயல் அதன் வழியே வரும் என்பது அவர் கணிப்பு. மூத்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஹேட்டரஸ் முனை வரை வரும் சூறாவளிகள் பெரும்பாலும் கிழக்கே திரும்பி, குளிர்ந்த கடலில் வலுவிழக்கும் என்பது அவர்கள் அனுபவம். அவர்களை அறியாமை மிக்கவர்கள் என்று பழிப்பது நியாயமன்று. நூறாண்டுப் பதிவுகள் அவர்கள் பக்கமே இருந்தன. ஆனால் அன்றைய வரைபடம் அவர்கள் பக்கம் இல்லை.

காலையில் ஹேட்டரஸ் முனைக்கு அருகே கடலில் இருந்த புயல் பிற்பகல் சுமார் 3.30 மணிக்கு லாங் தீவில் ஏறியது. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரத்தை எட்டு மணி நேரத்தில் கடந்திருந்தது. சூறாவளி என்று பெயர் சொல்லி எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வானொலிகள் செக்கோஸ்லோவாக்கியா நெருக்கடி பற்றிய செய்தியில் மூழ்கியிருந்தன. அன்று காலை அஞ்சலில் புதிய காற்றழுத்தமானி பெற்ற ஒருவர், முள் ‘சூறாவளி’ என்ற இடத்தில் நிற்பதைக் கண்டு, கருவி பழுது என்று கடைக்குக் கடிதம் எழுதி அஞ்சலில் சேர்க்கப் போனாராம். திரும்பி வந்தபோது வீடு இல்லையாம். இப்படி ஒரு கதை இன்றும் அங்கு வழங்குகிறது.

சுழலும் காற்றின் வேகத்தோடு நகரும் வேகமும் சேர்ந்ததால் புயலின் கிழக்குப் பக்கமே அதிகம் அழிந்தது. பாஸ்டனுக்கு அருகிலுள்ள புளூ ஹில் ஆய்வகம் மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகக் காற்றுவீச்சைப் பதிவு செய்தது. அமாவாசை நெருங்கியிருந்ததால் கடல் ஏற்றமும் மிகுந்திருந்தது. புயல் வந்த நேரமும் ஏற்ற நேரமும் ஒத்துப்போயின. ரோட் தீவின் நாப்பாட்ரீ முனை என்னும் மணல்திட்டில் இருந்த சுமார் 40 வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மொத்தத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பின்விளைவுகள்

அவ்வாண்டு இறுதியில் பணியகத்தின் தலைமை பிரான்சிஸ் ரைக்கல்டர்ஃபரிடம் வந்தது. கடற்படை அதிகாரியான அவர், காற்றுத்திரள்களையும் அவற்றின் எல்லைகளையும் வைத்துக் கணிக்கும் நார்வே முறையைக் கற்றவர். அதைப் பணியகத்தில் வேரூன்றச் செய்தார். பியர்ஸ் இப்புயலின் வரலாற்றை 1939இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 1943இல் விமானம் முதன்முறையாகத் திட்டமிட்டுச் சூறாவளிக்குள் பறந்தது. 1960இல் முதல் வானிலைச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கப்பல்கள் விலகிப் போனாலும் புயலைத் தொடர்ந்து பார்க்க இவற்றால் வழி பிறந்தது.

1954இல் கரோல் என்ற சூறாவளி மீண்டும் பிராவிடென்ஸை மூழ்கடித்த பிறகே அந்நகரின் கடல்வாயில் ஃபாக்ஸ் பாயிண்ட் தடுப்பணை கட்டப்பட்டது. 1966இல் அது முடிந்தது. நாப்பாட்ரீ முனையில் பிறகு எவரும் வீடு கட்டவில்லை. அது இன்று பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதி. பிராவிடென்ஸின் பழைய சந்தைக் கட்டடச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டும் இரண்டு குறிப்புப் பலகைகள் உள்ளன. கீழே இருப்பது 1815ஆம் ஆண்டுக்குரியது. 1938க்குரியது அதற்குச் சுமார் இரண்டடி மேலே இருக்கிறது.