கறுத்த மண்ணும் நம் வட்டை வைக்கோலும்



அறுவடை முடிந்த கையோடு வட்டைப் பக்கம் போனால் கண் எரிகிறது. வெட்டு மெசின் கொட்டிவிட்டுப் போன வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறோம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. "சாம்பல் மண்ணுக்குத்தானே" என்பார்கள். நைதரசன் புகையோடு போய்விடும். சாம்பலில் ஒரு பங்கைக் காற்றும் மழையும் கொண்டுபோகும்.

இதே நெருப்பால் மண்ணை வளர்த்த மக்கள் இருந்தார்கள். 1542இல் ஒரெல்லானா என்ற ஸ்பானியர் அமேசன் ஆற்றின் வழியே கடல்வரை போனார். கரையெங்கும் பெரிய ஊர்களைக் கண்டதாக, கூடப்போன பாதிரியார் கர்வஹால் எழுதிவைத்தார். பின்னால் போனவர்களுக்குக் காடுதான் தெரிந்தது. மனிதர் புளுகிவிட்டார் என்றே நெடுங்காலம் பலர் நினைத்தார்கள். வெளியார் கொண்டுவந்த அம்மை போன்ற நோய்களால் அந்த ஊர்கள் அழிந்துபோயிருந்தன. மண் மட்டும் சாட்சியாக நின்றது.

அமேசன் மேட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மையானது, சத்தை மழை கழுவிவிடும். ஆனால் இடையிடையே கன்னங்கரிய திட்டுகள், சில இடங்களில் ஒரு மீற்றருக்கும் மேல் ஆழமாக. தோண்டினால் உடைந்த சட்டி, மீன் முள், கரி. போர்த்துக்கேய மொழியில் 'டெரா பிரேட்டா', கறுப்பு மண். நெதர்லாந்து மண்ணியலாளர் விம் சொம்புறூக் 1966இல் வெளியிட்ட நூல் அதன்மேல் உலகின் கண்ணைத் திருப்பியது.

கரி பசளை அல்ல. அது சத்தைப் பிடித்துவைக்கும் பாத்திரம். காற்றுக் குறைவாக எரித்தால் கரி மிஞ்சும், நுண்துளைகளில் நீரும் சத்தும் தங்கும். மண்ணில் நூற்றாண்டுகள் கிடக்கும். காற்றாட எரித்தால் வெள்ளைச் சாம்பல்தான்.

நமக்கும் இது புதிதல்ல. உமிக்கரியால் பல் துலக்கிய மூத்தம்மாமார் நம்மிடையே இருந்தார்கள். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. மில்லுக்குப் பக்கத்தில் மலையாகக் கிடக்கிறது. ஆனால் 1962இல் பசளை மானியம் வந்தபிறகு, மண்ணைப் பற்றிய கவலையைப் பசளை மூடைக்குள் கட்டிவைத்துவிட்டோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோதுதான் மூடை இல்லாத மண்ணைப் பார்த்தோம். மஞ்சளித்த பயிரை யாரும் மறந்திருக்கமாட்டோம். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். பெரும்போகத்துக்கு அது பிந்திவிட்டது. கரி இருந்திருந்தால் தப்பியிருப்போம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. யூரியாவின் வேலையைக் கரி செய்யாது. போடும் யூரியா வீணாக ஓடாமல் காக்க உதவும், அவ்வளவுதான்.

பாடசாலைத் தோட்டத்தில் செய்து பார்த்தோம். ஓட்டை போட்ட தகரப் பீப்பாவுக்குள் நெருப்பு, மேலே புகைக்குழாய், சுற்றிலும் உமி. முழுதும் கறுத்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்கவேண்டும். முதல் தடவை அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பாதி வெளுத்திருந்தது; பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது தடவை ஆள் மாறி ஆள் காவல். வெறும் கரியை அப்படியே போட்டால் முதலில் பயிரின் நைதரசனை அதுவே பிடித்துக்கொள்ளக்கூடும். அதனால் மாட்டெருவோடு கலந்து, நனைத்து மூடி வைத்திருக்கிறோம். கத்தரிப் பாத்திக்கு அடுத்த கிழமை போடுகிறோம்.