ஜெட்டில் பொறித்த எண்

போன வருஷம் அப்பாவின் புல்லட்டை மறுபடி ஓட வைக்க உட்கார்ந்தபோது அதிக நாள் தின்றது கார்புரேட்டர்தான். 1960களின் தொடக்கத்து 350 அது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பித்தார்கள். முதலில் பாகங்கள் அங்கிருந்து பெட்டி பெட்டியாக வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு திருவொற்றியூரிலேயே ஒவ்வொன்றாகத் தயாராக ஆரம்பித்தன. எங்க வண்டியில் இருப்பது அமல் மோனோபிளாக்.

அமல் என்றால் யாரோ நம்ம ஊர்க்காரர் பெயர் மாதிரி இருக்கும். 'அமால்கமேட்டட்' என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று போட்டிக் கம்பெனிகள் 1920களின் பிற்பகுதியில் பர்மிங்காமில் ஒன்றாகி இந்தப் பெயரை வைத்துக்கொண்டன. அடுத்த நாற்பது வருஷம் பிரிட்டிஷ் பைக் என்றாலே பெரும்பாலும் அமல்தான். முன்பெல்லாம் பெட்ரோல் தேங்கும் மிதவை அறை தனியாகப் பக்கத்தில் தொங்கும். 1950களின் நடுவில் வந்த மோனோபிளாக்கில் இரண்டும் ஒரே வார்ப்பு. பெயரே அதுதான்.

பிரித்தேன். மிதவை அறை முழுக்க வெள்ளைப் பொடி. துத்தநாகக் கலவை உலோகம் தண்ணீர் பட்டு அரித்தால் இப்படித்தான் பூக்கும். இன்ஜினோடு சேரும் முகப்பைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு பக்க நட்டையும் யாரோ பலம் காட்டி இறுக்கி, முகப்பே வில்லாக வளைந்துவிட்டது. அந்த இடுக்கு வழியாக இன்ஜின் திருட்டுக் காற்றை இழுக்கும். கண்ணாடி மேல் வாட்டர் பேப்பர் ஒட்டி, எட்டு எட்டாகத் தேய்த்து இரண்டு சாயங்காலத்தில் சமமாக்கினேன்.

அடுத்தது மெயின் ஜெட். நகத்தளவு பித்தளைத் திருகு, நடுவில் ஓட்டை, பக்கத்தில் 150 என்ற எண். இந்த எண் ஓட்டையின் விட்டம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. அமல் கணக்கில் அது ஓட்டம்: ஒரு நிலையான உயரத்திலிருந்து விட்டால் நிமிஷத்துக்கு இத்தனை சிசி. ஓட்டையை அளந்து எண் போடாமல், அது செய்யும் வேலையை அளந்து எண் போட்டிருக்கிறார்கள். எங்க துறையில் இப்படி டெஸ்ட் எழுதுகிறவனுக்குக் கோயில் கட்டலாம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓட்டைக்குள் சுருள் சுருளாகக் கீறல். டிரில் விட்டுப் பெரிதாக்கியிருக்கிறார்கள்! கல்வெட்டில் பெயரை வெட்டித் திருத்தியது மாதிரி ஒரு கோபம் வந்தது. புதிதாக ஒரு 150 வாங்கி இரண்டையும் ஒப்பிட்டேன். மட்டம் மாறாத தண்ணீர்ப் பாட்டில், ஒரு குழாய், அளவுக் குடுவை, ஸ்டாப்வாட்ச். (பெட்ரோலை வைத்துச் செய்து பார்க்காதீங்க.) மூன்று தடவையும் பழையது ஏறக்குறைய 9% கூடுதலாக விட்டது.

சரி, தப்பைத் திருத்திவிட்டோம் என்று புதிய 150ஐப் போட்டு ஈசிஆரில் முழு திராட்டிலில் விட்டேன். அரை மணி நேரத்தில் இன்ஜின் கொதித்தது. சைலன்சரில் பட் பட்டென்று வெடிச்சத்தம். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும். காற்றுக் கசிவு இல்லை, டைமிங் சரி. அப்புறம்தான் உறைத்தது: ஜெட் பழையபடி இருக்கிறது, பெட்ரோல்தான் பழையபடி இல்லை.

1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும், ஆக்சிஜனை அதுவே கொஞ்சம் சுமந்துகொண்டு வருகிறது. 20% எத்தனால் கலந்தால் கணக்கு 13.5 அருகே வரும். அதாவது அதே காற்றுக்கு சுமார் 8% கூடுதல் எரிபொருள் வேண்டும். இந்தியாவில் இந்த 20% கலப்புக்கு 2018 கொள்கை வைத்த இலக்கு 2030. பிறகு அதை 2025-26க்கு முன்னால் இழுத்துவிட்டார்கள். புது வண்டியில் சென்சார் பார்த்து இன்ஜெக்டர் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. 1950களின் பெட்ரோலுக்கு என்ன விகிதம் சொன்னார்களோ அதைத்தான் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கும். அந்த விகிதம் முழுக்க ஒரு பித்தளை ஓட்டையில் இருக்கிறது.

150க்கு 8% கூட்டினால் 162. அமலில் பக்கத்து எண் 160. அமல் பாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் தயாராகின்றன, பர்லன் என்ற கம்பெனி செய்கிறது. ஆர்டர் போட்டு வர மூன்று வாரம். அதுவரை வண்டி ஓடியது நான் திட்டிய அந்த டிரில் போட்ட ஜெட்டில்தான். பிளக் அழகான காப்பிப் பொடி நிறம்.

யாரோ ஒரு மெக்கானிக், எத்தனால் என்ற பேச்சே இல்லாத காலத்தில், பெரும்பாலும் பிக்கப் போதவில்லை என்ற புகாருக்காகச் செய்த வேலை. அந்தப் பெட்ரோலுக்கு அது தப்புதான், மைலேஜைத் தின்றிருக்கும். அப்பா மைலேஜ் பற்றிப் புலம்பியது நினைவிருக்கிறது.

இப்போது வண்டியில் 160, ஊசியை ஒரு படி ஏற்றியிருக்கிறேன். பழைய ஜெட்டை எறியவில்லை. சின்ன ஜிப் கவரில் போட்டு மேலே எழுதி வைத்திருக்கிறேன்: எண் 150, ஓட்டம் 163.