கள்ளச்சாராயமும் விஷச்சாராயமும்: மெத்தனால் நஞ்சேற்றத்தின் மருத்துவ வரலாறு – விழுப்புரம், திண்டிவனம் பகுதியை முன்வைத்து

2023 மே மாதம் திண்டிவனம் கோட்டத்திலுள்ள மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் சாராயம் அருந்தியோர் அடுத்தடுத்து வீழ்ந்தனர். அவர்கள் புதுச்சேரி மருத்துவமனைகளுக்கும், முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் நேர்ந்த இறப்புகளையும் சேர்த்தால் உயிரிழந்தோர் 20 பேருக்கு மேல். தடயவியல் ஆய்வுக்குப் பின் காவல்துறைத் தலைமை தந்த விளக்கம் கருதத்தக்கது: அருந்தப்பட்டது கள்ளச்சாராயம் அன்று, ஆலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால் கலந்த விஷச்சாராயம். இச்சொற்கள் நோயறிதலுக்கு எந்த அளவு உதவுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

‘கள்ளச்சாராயம்’ மதுவிலக்கோடு வேரூன்றிய வழக்கு. (இதனைக் ‘கள்’ என்னும் குடிபொருளோடு இணைத்துக் காண்பாரும் உளர், இங்குக் கள்ளம் என்பதே பொருள்.) 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் அன்றைய தென்னார்க்காடு உட்பட மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. இச்சொல் குற்றத்தைச் சுட்டுகிறது. பருகியவரையும் குற்றத்தின் நிழலில் நிறுத்துகிறது. எனவே மருத்துவர் முன் அவர் வயிற்றுவலி என்பார், வாந்தி என்பார். குடித்ததைச் சொல்லத் தயங்குவார். ‘விஷச்சாராயம்’ பொருளின் தன்மையைச் சுட்டுகிறது. ஆனால் மருத்துவருக்கு முதலில் வேண்டுவது குடித்த நேரம்.

காரணம் எளிது. மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதி அதனை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஏற்படும் மாற்றம் ஃபார்மிக் அமிலமாகவும் ஆக்குகின்றன. இவ்வமிலமே இரத்தத்தின் அமிலத்தன்மையை உயர்த்திப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். நார்வே மருத்துவர் ஓலுஃப் ரோ 1946இல் வெளியிட்ட ஆய்வு இவ்வமிலமேற்றத்தின் முதன்மையை உணர்த்தியது. மெத்தனாலுடன் எத்தனாலையும் அருந்தியோர் ஓரளவு காக்கப்படுவதையும் அவர் கவனித்தார். அந்நொதி எத்தனாலையே பெரிதும் நாடுவதால் மெத்தனாலின் சிதைவு தடைபடுகிறது. மதுவிலக்கின் மீறலால் விளைந்த நோய்க்கு மதுவின் மூலப்பொருளே மாற்றுமருந்தாவது வரலாற்றின் முரண்.

அதே நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல், உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் 2013இல் இடம்பெற்றது. எனினும் 2024 ஜூனில், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த கள்ளக்குறிச்சியில், 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமிலம் திரண்ட பின் நொதியைத் தடுப்பதால் பயன் குறைவு. அந்நிலையில் பைகார்பனேட்டும் டயாலிசிஸுமே கைகொடுப்பன.

எத்தனால் கலந்த சாராயத்தில் நஞ்சின் அறிகுறி மேலும் தாமதமாகும். உடன் குடித்தவர் இறந்தபோதும் தமக்கு ஒன்றுமில்லை என ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடக்கூடும். ஆதலால் முதல் இறப்பு தெரிந்தவுடன், நலமாயிருப்போரையும் வீடு வீடாகத் தேடி அழைத்து வருவது சிகிச்சையின் முதற்படியாகிறது. வழக்குக்கு அஞ்சி அவர் கதவைத் திறக்க மறுத்தால் அப்படி அங்கேயே நின்றுவிடுகிறது.