தோணியும் படகும்: பக்கிங்காம் கால்வாய்க் கலங்களின் பெயர்கள் குறித்து

பழைய ஒளிப்படங்களையும் கலப் பதிவேடுகளையும் இணைத்துக் கால்வாய்ப் படகுகளின் வரலாற்றை மீட்டெடுக்கும் முயற்சி இங்கிலாந்தில் நன்கு வளர்ந்துள்ளது. அங்கு 1877ஆம் ஆண்டின் கால்வாய்ப் படகுகள் சட்டம், மக்கள் குடியிருக்கும் படகுகளைப் பதிவு செய்யுமாறும் பதிவெண்ணைக் கலத்தின்மீது எழுதுமாறும் பணித்தது. ஒரு படகில் எத்தனை பேர் தங்கலாம் என்பதும் ஏட்டில் ஏறியது. 1889இல் உருவான ஃபெல்லோஸ், மார்ட்டன் அண்ட் கிளேட்டன் போன்ற நிறுவனங்கள் தம் கலங்களுக்கு எண்ணும் பெயரும் இட்டன. ஆகவே, படத்தில் தெரியும் எண்ணொன்றைக் கொண்டு ஏட்டைப் புரட்டினால், அக்கலத்தையும் அதில் வாழ்ந்த குடும்பத்தையும் ஓரளவு அறிந்துவிடலாம்.

இம்முறையைச் சென்னைப் பக்கிங்காம் கால்வாய்க்குப் பொருத்திப் பார்க்கும்போது எழும் சொற்சிக்கல் ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான முதற்பகுதியை 1806இல் பேசில் காக்ரேன் தொடங்கினார். 1837இல் அரசு அதனை ஏற்றது. பின்னர் வடக்கே கிருஷ்ணா வடிநிலத்தின் பெத்தகஞ்சம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் அது நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதி 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. மொத்த நீளமாகிய 420 கி.மீ.இல் 257 கி.மீ. இன்றைய ஆந்திரத்திலும் 163 கி.மீ. தமிழகத்திலும் உள்ளன.

இச்செய்திகள் ஒளிப்படங்களின் காலத்தைக் கணிக்க உதவும். மயிலாப்பூரை ஒட்டிய கால்வாயைக் காட்டும் படம் பஞ்சத்துக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. படக்குறிப்பில் 'காக்ரேன் கால்வாய்' என்றிருப்பின் அது 1878க்கு முந்தியதெனத் துணிந்துவிடவும் கூடாது. பெயர் மாற்றத்தை மக்கள் நாவு உடனே ஏற்பதில்லை; அஞ்சலட்டை அச்சிடுவோரும் அவ்வாறே.

படங்கள் காலத்தைச் சொல்லினும் கலத்தின் பெயரைச் சொல்வதில்லை. அதற்கு ஏட்டை நாட வேண்டும். 1890ஆம் ஆண்டின் சென்னைக் கால்வாய்கள், பொதுத் துறைகள் சட்டம் கலங்களைப் பதிவு செய்யவும் உரிமம் வழங்கவும் சுங்கம் தண்டவும் வழிசெய்தது. இங்கிலாந்துச் சட்டம் குடியிருப்பை நோக்கிற்று. சென்னைச் சட்டம் வருவாயை நோக்கிற்று. சுங்கம் தண்டுவோருக்குப் படகுக்காரர் தம் கலத்தை எவ்வாறு அழைத்தனர் என்பது தேவைப்படவில்லை. 'வெசல்', 'போட்' என்னும் பொதுச்சொற்களே அலுவலுக்குப் போதுமானவையாயின. இவ்வேடுகளின் செய்தியைத் தமிழில் பெயர்ப்போர் இங்கேதான் இடறுகின்றனர்.

ஆங்கில ஆவணங்களில் 'டோனி' என்னும் சொல்லும் பயில்கிறது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதனைத் 'தோணி'யின் திரிபாகக் காட்டும். தோணியைத் 'தோண்டு' என்னும் வினையோடு இயைப்பாரும் வடமொழித் 'துரோணி'யிலிருந்து வந்ததென்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு முடியாது. நமக்கு வேண்டியது பொருள் வேறுபாடே. 1834இல் இந்தியக் கரையோரக் கலங்களைப் பற்றி எழுதிய ஜான் எடை விவரிக்கும் சோழமண்டலக் கரை 'டோனி', ஏறத்தாழ 70 அடி நீளமும் 20 அடி அகலமும் உடைய, கடலில் பாய்விரித்துச் செல்லும் சரக்குக் கலம். ஆழம் குறைந்த கால்வாயில் அது நுழையவும் இயலாது.

ஆனால் தமிழரின் 'தோணி' கால்வாயிலும் ஓடியது. 1934ஆம் ஆண்டின் படகுப் பயணத்தையொட்டிப் பாரதிதாசன் இயற்றிய 'மாவலிபுரச் செலவு' இதற்குச் சான்று. இக்கலத்தை அவர் தோணி என்றே குறிக்கிறார். நீர்வழியை அலுவலகச் சொல்லாகிய கால்வாய் என்னாது வாய்க்கால் என்கிறார். கரையில் நடந்து கயிற்றால் கலத்தை இழுத்த தொழிலாளரின் துன்பத்தையும் அப்பாடல் சொல்கிறது. சுங்க ஏடு கேளாது விட்டதைக் கவிஞர் கண்டார் எனலாம்.

ஆக, ஆங்கில ஏட்டின் 'டோனி'யைக் கண்டவுடன் 'தோணி' எனப் பெயர்த்தால், கடற்கலம் கால்வாய்க்குள் வந்துவிடும். ஏட்டின் 'போட்' எல்லாவற்றையும் 'படகு' எனப் பெயர்த்தால், தோணி மறைந்துவிடும். தமிழிலிருந்து ஆங்கிலம் சென்று திரும்பும் சொல் புறப்பட்ட பொருளோடு திரும்புவதில்லை.

'படகு' என்னும் சொல்லும் எளிதன்று. அதன் மற்றொரு வடிவம் 'படவு'. தெலுங்கில் 'படவ' என்பது படகு. கன்னடத்தின் 'ஹடகு' கப்பலைக் குறிக்கும். கால்வாயின் பெரும்பகுதி தெலுங்கு வழங்கும் நிலத்தில் இருப்பதால், படவு என்ற வடிவம் இருமொழிப் படகுக்காரரிடையே பெயர்ப்பின்றியே செலவாணி ஆகியிருக்கும் எனக் கருத இடமுண்டு. (இக்கட்டுரையாளர் வாழும் புணே நகரத்து ஔந்தில் மராத்தியர் படகை 'ஹோடி' என்பர். தமிழ் 'ஓடம்' உடன் இதனை உறவுபடுத்துவோர் உண்டு. நீர்வழிச் சொற்கள் மொழி எல்லையைப் பொருட்படுத்துவதில்லை.)

கலப்பெயர்கள் மாறினும் சரக்கு பெரிதும் மாறவில்லை. நெல்லுக்கு வெள்ளை உப்பை மாற்றிய பஃறிகள் கழியில் குதிரைகள்போல் கட்டப்பட்டு நின்றதைப் பட்டினப்பாலை கூறும். பக்கிங்காம் கால்வாயும் கழிகளைக் கோத்து அமைந்ததே. உப்பும் நெல்லும் விறகும் அதில் சென்றன. 'சால்ட் கொட்டார்ஸ்' என்னும் சென்னைச் சரக்கு நிலையப் பெயரில் உப்புக் கிடங்காகிய கொட்டாரம் ஆங்கிலப் பன்மை விகுதியோடு நிற்கிறது. கொருக்குப்பேட்டைப் பக்கத்துக் காக்ரேன் பேசின் சாலையும், மயிலாப்பூர்த் தண்ணீர்த்துறைச் சந்தையும் கலங்கள் நின்ற இடங்களை நினைவூட்டும். பதிவேடு விடுத்த சில செய்திகளை இடப்பெயர்கள் காத்துள்ளன. ஆய்வாளர் இவற்றையும் ஏடாகவே படித்தல் வேண்டும்.

1899இல் சென்னை-விசயவாடா இருப்புப்பாதை முழுமையடைந்தபின் கால்வாய்க்குப் போட்டி கடுமையாயிற்று. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. போக்குவரத்து படிப்படியாக ஒழிந்தது. 1990களில் நகரப் பகுதியில் பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாய்க்குள் ஊன்றப்பட்டன. 2008இல் இது நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

புயலடித்த 1965இல் இருபது வயதினராய்க் கயிறு இழுத்தவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். இழுகயிற்றுக்கும் ஊன்றுகோலுக்கும், கலத்தின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும், சரக்கேற்றியபின் நீரில் அமிழும் அளவுக்கும் அவர் வழங்கிய சொற்கள் யாவை? மரக்காணத்திலும் பழவேற்காட்டிலும் பழைய படங்களை முதியோர் முன்வைத்து ஒவ்வொரு உறுப்பையும் சுட்டிக் கேட்பதே இப்போது செய்யத்தக்க களப்பணி. படத்தில் எண் தெரியாவிடினும் குறையில்லை. பார்ப்பவர் வாயில் பெயர் வரும்.