மன்னிப்புப் பெற்ற சாட்சி: சதாசிவம் கொலைவழக்கு பற்றிய ஒரு நோக்கு

1951ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆந் திகதி, மகாதேவ சதாசிவம் தம் மனைவியைக் கொலைசெய்த குற்றத்துக்குச் சுற்றவாளியெனக் கொழும்பு அசைஸ் நீதிமன்றத்தில் யூரர் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 57 நாட்கள் நீடித்த விளக்கம் அத்துடன் நிறைவுற்றது. சட்டத்தைப் பொறுத்தவரை அனைத்தும் அன்றே முடிந்துவிட்டது. எனினும் அவர் கொலைகாரரா அல்லரா என்னும் வினா அதன் பின்னரும் பல்லாண்டுகள் கேட்கப்பட்டே வந்தது. அவ்விவாதத்தின் இயல்பைச் சிறிது ஆராயுமிடத்து, அது ஒருவரைப் பற்றியது போலத் தோன்றினும் உண்மையில் இருவரைப் பற்றியது என்பது புலனாகும். அவ்விருவருள் ஒருவர் எதிரிக்கூண்டில் நின்று விடுதலை பெற்றார். மற்றவருக்கு அக்கொலை தொடர்பில் விளக்கம் எதுவும் நடைபெறவேயில்லை.

சதாசிவம் அந்நாளில் இலங்கை முழுவதும் அறிந்த பெயர். கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்தின் துடுப்பாட்ட வீரராகிய அவர், 1947இல் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் பெற்றவர். மறுவருடம் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஆட்டக்களத்தில் அவர் ஈட்டிய புகழுக்கு நிகராக அவருடைய இல்லற வாழ்வைப் பற்றிய பேச்சும் ஊரில் இருந்தது. மனைவி மணவிலக்கு வழக்குத் தொடுத்திருந்தார். கொலை நிகழுமுன்னரே மக்கள் மனத்தில் அவரைப் பற்றிய ஒரு சித்திரம் உருவாகியிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1949 ஒக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேஸில் உள்ள 7ஆம் இலக்க இல்லத்தின் மோட்டார்க் கொட்டகையிலே திருமதி சதாசிவத்தின் உடல் காணப்பட்டது. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. அன்று காலை சதாசிவம் அவ்வீட்டில் இருந்தார். ஏறத்தாழப் பத்தரை மணிக்கு வாடகைக் காரில் ஏறிச் சென்றார். அவர் சென்றபின் வீட்டில் இருந்த வளர்ந்த ஆண், சில நாட்களுக்கு முன்னரே வேலைக்குச் சேர்ந்திருந்த தென்னிலங்கை இளைஞன் ஒருவன் மட்டுமே. அவன் அன்றே வீட்டை விட்டு மறைந்தான். இறந்தவரின் நகையை விற்றான். சில நாட்களின் பின் பொலிசாரிடம் அகப்பட்டான். அகப்பட்டவன் கூறிய கதை வழக்கின் போக்கையே மாற்றிவிட்டது. எசமானரே மனைவியை மாடிப் படுக்கையறையில் நெரித்துக் கொன்றார் என்றும், தான் அவருக்கு உதவியாக நின்று உடலைக் கீழே கொண்டுவந்ததாகவும் அவன் சொன்னான். நிபந்தனையுடன் கூடிய மன்னிப்பு அவனுக்கு வழங்கப்பட்டது. எதிரியாக நிற்க வேண்டியவன் அரசுத் தரப்புச் சாட்சியானான்.

குற்றத்தில் பங்குகொண்டவனைச் சாட்சியாக்குதல் நமது சட்டத்துக்குப் புதியதன்று. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இதுபற்றி இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பேசுகின்றது. உடந்தையாளியின் சாட்சியத்தை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாகக் காண்பது சட்டவிரோதமாகாது என்கின்றது 133ஆம் பிரிவு. முக்கிய விடயங்களில் வேறு சான்றினால் உறுதிப்படுத்தப்பட்டாலன்றி அத்தகையவன் நம்பத்தகாதவன் எனக் கொள்ளலாம் என்கின்றது 114ஆம் பிரிவின் உதாரணம். இவ்விரண்டும் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திலிருந்து ஏறத்தாழ அவ்வாறே பெறப்பட்டவை. ஒரு கையால் கதவைத் திறந்து மறுகையால் தாழிடுவது போன்ற இந்த ஏற்பாட்டில், நீதிபதியின் எச்சரிக்கையை யூரர் எவ்வளவுக்குச் செவிமடுக்கின்றனர் என்பதிலேயே எதிரியின் உயிர் தங்கியிருந்தது.

அது எத்துணை ஆபத்தானது என்பதைத் தமிழ் வாசகர் அதற்கு முன்னரே கண்டிருந்தனர். 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய மஞ்சட் பத்திரிகைகளை நடத்திய இலட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8இல் சென்னை வேப்பேரியில் கத்தியாற் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். நடிகர்களாகிய எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சதிசெய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். அங்கும் மன்னிப்புப் பெற்ற ஒருவர் அரசுத் தரப்பின் சாட்சிப் பட்டியலில் இருந்தார். ஒன்பது யூரருள் அறுவர் குற்றவாளிகள் என்றனர், மூவர் இல்லை என்றனர். 1945 மே மாதத்தில் ஆயுட்காலத் தீவாந்தரத் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டைத் தள்ளியது. பிரிவிக் கவுன்சில் எனப்பட்ட இலண்டன் கோமறைக் கழகம் மேன்முறையீட்டை மீளக் கேட்கும்படி பணித்த பின்னரே, 1947 ஏப்ரிலில் இருவரும் விடுதலையாயினர். பாகவதர் சிறையில் இருந்த காலத்திலும் அவருடைய 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. பாட்டைக் கேட்கச் சென்ற அதே மக்கள் பாடியவரின் குற்றத்தைப் பற்றியும் வாதிட்டனர். விடுதலையின் பின் வந்த அவருடைய படங்கள் முன்போல் ஓடவில்லை என்பது பலரும் அறிந்ததே. இலட்சுமிகாந்தனைக் கொன்றவர் யாரென்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

இலங்கையிலும் ஒரு முன்னிகழ்வு உண்டு. 1933 ஒக்டோபரில் கொழும்பு டவ் ஹவுஸ் இல்லத்தில் ஒரு சீமாட்டி குளோரபோம் தொடர்பான முறையில் இறந்தார். கணவராகிய ஸ்டீபன் செனிவிரத்ன என்னும் சட்ட அறிஞர் மறுவருடம் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு மரணதண்டனை பெற்றார். தண்டனை பின்னர் ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. யூரர் தீர்ப்பை மீளாய்வு செய்ய இத்தீவில் அன்று ஒரு மேன்முறையீட்டு மன்றமேனும் இருக்கவில்லை. இங்கிலாந்தில் அடோல்வ் பெக் என்பார் ஆள்மாறாட்டத்தால் 1896இலும் 1904இலும் தவறாகத் தண்டிக்கப்பட்டமை வெளிப்பட்டபின், 1907இல் குற்றவியல் மேன்முறையீட்டு மன்றம் நிறுவப்பட்டது. குடியேற்ற நாடாகிய இலங்கைக்கு அவ்வசதி முப்பது ஆண்டுகள் வரவில்லை. செனிவிரத்ன கோமறைக் கழகம்வரை செல்லும் வசதி படைத்தவராதலின் 1936இல் விடுதலை பெற்றார். வழக்கின் கதையை விரித்துரைக்க இன்றியமையாத சாட்சிகளை, அவர்களது சாட்சியம் எத்தரப்புக்குச் சாதகமாயினும், அரசுத் தரப்பே அழைத்தல் வேண்டும் என அத்தீர்ப்பில் ரோச் பிரபு வகுத்த விதி இன்றும் பல நாடுகளின் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகின்றது. இரண்டாண்டுகளின் பின், 1938ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இலங்கையிலும் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தது. அதற்கு முன் யூரர் தீர்ப்பின்மீது தூக்குமேடை ஏறியவர்களுள் எத்தனை பேருக்கு இலண்டன் செல்லப் பணம் இருந்திருக்கும்?

ஆகவே 1951இல் சதாசிவம் எதிரிக்கூண்டில் நின்றபோது, தவறான தீர்ப்பு என்பது வெறுங் கற்பனையாக இருக்கவில்லை. நீதியரசர் கிரேஷியன் தலைமை வகித்தார். அரசுத் தரப்பை நடத்தியவர் டி. எஸ். பெர்னாண்டோ. பின்னாளில் நீதியரசராகிப் பிரதமர் பண்டாரநாயக்க கொலைவழக்கை விசாரித்தவரும் இவரே. எதிரிக்காகத் தோன்றியவர் இடதுசாரித் தலைவராகிய கொல்வின் ஆர். டி சில்வா. எதிரி தமிழர், அவரது வழக்கறிஞர் சிங்களவர், நீதியரசர் பறங்கியர் என அமைந்த அந்த மண்டபம், 1956க்கு முந்திய கொழும்பின் ஒரு சிறு மாதிரி எனலாம்.

வழக்கின் நெருக்கடி ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கியிருந்தது. பத்தரை மணிக்கு முன்னர் அப்பெண்மணி இறந்தாரெனின் கணவரைச் சந்தேகிக்கலாம். அதன் பின்னரெனின் கணவர் அங்கு இல்லை. ஆதலால் இறந்தநேரத்தை உடலே சொல்ல வேண்டியதாயிற்று. உடல் குளிர்ந்த அளவைக் கொண்டு நேரத்தைக் கணித்தல் பற்றி மருத்துவ அறிஞர்கள் தம்முள் முரண்பட்டனர். குளிர்நாட்டு நூல்களிலுள்ள கணக்கு இவ்வெப்ப நாட்டுக்கு எவ்வாறு பொருந்தும் என்பது எளிதில் விடுபடாத சிக்கல். பிரேத பரிசோதனை நடத்திய பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம், வேறிருவருடன் சேர்ந்து 1955இல் இப்பொருள் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அவ்வாய்வுக்குத் தரவு தந்தவை, சிறையில் தூக்கிலிடப்பட்டோரின் உடல்கள். மரணதண்டனைக்குரிய வழக்கொன்றில் உயிரைக் காக்கவோ பறிக்கவோ வல்ல அளவுகோல், அத்தண்டனையை அடைந்தவர்களின் உடலிலிருந்தே பெறப்பட்டமை நெஞ்சைத் தொடுவதொன்று.

எதிரித் தரப்பு எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி சிமித்தை வருவித்தது. எகிப்தில் பல ஆண்டுகள் பணியாற்றி, 1924இல் சேர் லீ ஸ்டக் கொலையை ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர். கொலை மாடிப் படுக்கையறையில் நிகழ்ந்தது என்னும் வேலையாளின் கூற்றை அவர் ஏற்கவில்லை. இறந்தவரின் பாதங்களிற் படிந்திருந்த அழுக்கு முதலியவற்றைக் கொண்டு, கீழே சமையலறையிலேயே அது நிகழ்ந்திருத்தல் வேண்டும் எனக் கருதினார். சிறு அழுக்குத்தான், எனினும் மன்னிப்புப் பெற்ற சாட்சி சொன்ன கதையின் அத்திவாரத்தையே அது அசைத்துவிட்டது. இடம் பொய்யெனின் ஏனையவை எவ்வாறு மெய்யாகும்?

இலட்சுமிகாந்தன் வழக்கில் யூரர் பிளவுபட்டுத் தண்டித்ததற்கும், சதாசிவம் வழக்கில் ஒருமித்து விடுவித்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதுவே முதன்மைக் காரணம் எனக் கொள்ளலாம். முன்னையதில் மனிதர் கூற்றுக்கு எதிராக மனிதர் கூற்றே பெரிதும் நின்றது. பின்னையதில் பேசாத உடல் சாட்சியம் அளித்தது.

நீதிமன்ற மண்டபத்தில் இடம் பெற்றவர் சிலரே. யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ கந்தளாயிலோ வாழ்ந்தவருக்கு வழக்கென்பது கொழும்பிலிருந்து வந்த பத்திரிகையில் அச்சான வாக்குமூலமே. உடல் வெப்பக் கணக்கை அவ்வாறு வாசித்து நிறுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் இயல்வதன்று. பாத்திரங்களை எடைபோடுவது எளிது. மனைவியோடு பிணங்கிய புகழ்பெற்ற கணவர் ஒருபுறம். நகையை விற்று ஓடிய ஏழை வேலையாள் மறுபுறம். கணவரே கொன்றார், பணமும் செல்வாக்கும் அவரைக் காத்தன என்றோர் அவரது வாழ்க்கைமுறையைச் சான்றாகக் காட்டினர். வேலையாளே கொன்றான் என்றோருள், அவன் வேலையாள் என்பதையே பாதிச் சான்றாகக் கொண்டவர் இல்லாமற் போகவில்லை. இரு சாராரும் ஒருவரது ஒழுக்கத்திலிருந்தோ வர்க்கத்திலிருந்தோ அவரது செயலுக்குத் தாவினர். யூரர் செய்யாதிருக்கும்படி நீதியரசர் எச்சரிக்கும் தாவல் அது.

சதாசிவத்துக்கு அவ்விவாதத்தில் ஓர் அரண் இருந்தது. இருபது மாதங்களுக்கு மேல் மறியலில் கழித்தாராயினும், கையில் ஒரு தீர்ப்பு இருந்தது. அவர் பின்னர் கடல் கடந்து சென்று மலாயா, சிங்கப்பூர் அணிகளுக்கும் தலைமை தாங்கினார்; 1977இல் காலமானார். வேலையாளின் நிலை வேறு. மன்னிப்பு அவனைத் தூக்குமேடையிலிருந்து காத்தது. ஆனால், தன்மீதான பழிக்கு விடையளிக்கும் வாய்ப்பையும் அதுவே எடுத்துக்கொண்டது. சாட்சிக்கூண்டில் ஏறியவனுக்கென வழக்கறிஞர் இல்லை. அவன் சார்பில் நிபுணர் இல்லை. யூரர் அவனைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லவுமில்லை. சதாசிவம் கொன்றது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை என்பதே அவர்கள் தீர்ப்பின் சட்டப்பொருள். ஊரோ அதனை, அவ்வாறாயின் மற்றவனே கொன்றான் என மொழிபெயர்த்துக்கொண்டது. சிட்னி சிமித் 1959இல் வெளியிட்ட தம் நினைவுநூலில், கொலைகாரன் வேலையாளே என்னும் தம் முடிபை உலகறிய எழுதினார்.

அம்முடிபு சரியாகவே இருக்கலாம்; உடற்கூற்றுச் சான்றுகள் பெரிதும் அவ்வழியே செல்கின்றன. வழக்கின் ஆவணங்களைப் பின்னாளில் விரிவாக ஆராய்ந்து 2006இல் நூலெழுதிய பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோவும் ஒரு சட்ட மருத்துவரே. ஆயினும் வரலாற்று மாணவன் ஒன்றை வேறுபடுத்திக் காணல் வேண்டும். செனிவிரத்னவையும் பாகவதரையும் கலைவாணரையும் பிழையாகக் கண்ட தீர்ப்புகள் ஏட்டில் எழுதப்பட்டவை. ஆதலால் அவற்றை மற்றொரு மன்றம் எடுத்து வாசித்து அழிக்க முடிந்தது. சென் அல்பன்ஸ் பிளேஸ் இல்லத்து வேலையாளுக்கு எதிரான தீர்ப்பு எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. எந்த மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் அதற்கு ஓர் இலக்கம் இல்லை.